கைநாட்டு வைத்த அபிப்பிராயம்

திருத்தணி, சித்தூர் ஜில்லா
தாரண வருஷம், ஆனி 20

ஹுப்ளி ராஜ்யத்தைக் கட்டி ஆளும் சௌபாக்கியவதி கௌரிக்கு, சப் ரிஜிஸ்தரார் ஆபீஸ் வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதிப் பிழைக்கும் உன் தாய்மாமன் கஜபதி, மலைமேல் இருக்கிறவனைச் சாட்சி வைத்து எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அம்மா, கறவை எருமை மூவரும் சௌக்கியம். எருமைக்கு மட்டும் கர்வம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

உன் கார்டு வந்தது. “நலம். நோட்டை எரித்தாயிற்றா? அவர் நலம். கடிதம் எழுத நேரமில்லை. கௌரி.” எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வார்த்தை. போன மாசம் பதினாலு. இப்படியே போனால் தீபாவளிக்கு வெறும் கார்டுதான் வரும், தபால் முத்திரையைப் பார்த்து உன் சௌக்கியத்தை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன்னால் கறிகாய் வாங்கிவர நீ எனக்கு எழுதி வைக்கும் சீட்டே நாலு பக்கம் இருக்கும். அதில் கத்தரிக்காயின் குணாதிசயத்துக்கு மட்டும் ஒரு பக்கம்.

நீ அனுப்பிய கதை நோட்டை எரித்தாயிற்று. நீ சொன்னபடி வெந்நீர் அடுப்பில்தான் போட்டேன். எழுந்த ஜ்வாலை அரக்கோணம் வரை தெரிந்து, ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று பம்பாய் மெயிலை அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். அந்த வெந்நீரில் குளித்த எனக்கு மூன்று நாள் உடம்புச் சூடு தணியவில்லை. போதுமா?

அன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்ததை, நோட்டோடு வந்த சீட்டில் நீ ஒரே வரியில்தான் எழுதியிருந்தாய். மாப்பிள்ளை உன் நோட்டை எடுத்துக் கூடத்தில் தன் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினார், எல்லாரும் சிரித்தார்கள், நீ காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாய் என்று. மாப்பிள்ளை பரந்தாமன் கெட்டவர் இல்லை, அம்மா. ரயில்வே ஆபீசில் சரக்கு ஜாபிதாவையே வாசித்துப் பழகினவர். எதை எந்தக் குரலில் வாசிப்பது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் கையெழுத்துப் பத்திரிகை ‘தணிகை இடி’ மாதம் தவறாமல் முழங்குகிறது. அச்சடிக்கும் பிரதி பூஜ்யம், கையால் எழுதும் பிரதி ஒன்று, வாசகர்கள் அகில உலகம். நீ இருந்தபோது முத்து முத்தாக எழுதித் தந்தாய். இப்போது நானே எழுதுகிறேன், கோழி கிளறினது போல. சைக்கிள் கடை கலீமுல்லா வழக்கம்போல அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு ஆர்.கே.பேட்டை வரை ஊர் ஊராகச் சுற்றுக்கு விடுகிறார். கடைசி நாலு பக்கம் அபிப்பிராயம் எழுதுவதற்கென்று வெறுமையாக விட்டிருக்கும் பழக்கமும் மாறவில்லை.

‘நாவலாசிரியர்களோடு சம்பாஷணை’ என்று ஒரு புதுப் பகுதி ஆரம்பித்திருக்கிறேன். முடி இறக்க மலைக்கு வருகிற ஆசிரியர்களை வழிமறித்து இரண்டே கேள்வி கேட்பேன். தங்கள் புதுப் புத்தகம் என்ன? எங்கள் வாசகர்களுக்கு எந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்கிறீர்கள்? ஒருவர் கதாநாயகியின் புருவத்தையே மூன்று அத்தியாயம் வர்ணித்திருக்கிறாராம், மூக்கு யுத்தம் முடிந்த பிறகுதான் வருமாம். இன்னொருவர் எழுதும்போது அழுத கண்ணீரில் அவர் வீட்டுக் கிணறு நிரம்பி, கோடையில் தெருவே தண்ணீர் சேந்திக்கொண்டது. அவர் சிபாரிசு செய்தது தம்முடைய முந்தின நாவலை.

ஆடிக் கிருத்திகைக்குத் திருமதி தாயாரம்மாள் வருகிறார் என்று கேள்வி. வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறாரே, அவரேதான். என்ன கேட்கலாம் என்று எழுது. ஒன்பது வார்த்தைக்கு மேல் எழுது.

உன் மாமன்,
கஜபதி


திருத்தணி
ஆவணி 6

கௌரிக்கு, மாமா எழுதியது.

பட்டம், பராக்கு எல்லாவற்றையும் இந்தத் தடவை கழற்றி வைத்துவிட்டேன். எருமை சௌக்கியம். உன் அம்மாவும்.

உன் பதில் கிடைத்தது. “மாமா, ஒரு நாவலாசிரியரும் உங்களைச் சந்திக்கவில்லை. எல்லாம் கட்டுக்கதை. இனி எனக்குப் புத்தகங்களைப் பற்றி எழுத வேண்டாம்.” பதின்மூன்று வார்த்தை. கோபத்திலாவது நாலு வார்த்தை ஏறியதே என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

நீ சொன்னது வாஸ்தவம். புருவக்காரரும் கிணற்றுக்காரரும் இந்த வேப்பமரத்தடியில் பிறந்து இங்கேயே வளர்ந்தவர்கள். மூன்றாவதாக ஒருவரை நிஜமாகவே பேட்டி கண்டேன், முடிவில் பார்த்தால் அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு.

ஆனால் தாயாரம்மாள் வந்தார். இதை நீ நம்பமாட்டாய். முப்பது வருஷம் புளுகின வாய்க்குக் கடவுள் கொடுத்த தண்டனை, ஒரு நிஜத்தைச் சொல்ல வேண்டிய வேளையில் கேட்க ஆளில்லை.

அவரோடு நான் பேசினது படிக்கட்டில். முந்நூற்று அறுபத்தைந்து படி. இந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாளாயிற்றே, மலைக்கும் ஒரு படி கூடியிருக்குமோ என்று எண்ணிக்கொண்டே ஏறினேன். (கூடவில்லை. பார், இதைக்கூட உள்ளபடியே எழுதுகிறேன்.) அம்மாள் ஒடிசலானவர், மூக்குக்கண்ணாடி, கையில் சின்னப் பால்குடம், கூடவே தங்கை. ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கியதால் பதில்கள் எல்லாம் சுருக்கம்.

புதுப் புத்தகம் என்ன என்று கேட்டேன். நாவலை முடித்துக் கொடுத்து எட்டு மாசம் ஆகிறதாம். யுத்தத்தில் காகிதம் கிடைக்காததால் பதிப்பாளர் வீட்டுப் பரணில் கிடக்கிறதாம். அப்படியானால் இப்போது எழுதுவதில்லையா என்றேன். கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், ஜனவரி முடிந்தது, பிப்ரவரி நடக்கிறது என்றார்.

பாதி மலை மண்டபத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது கேள்வியைப் போட்டேன், எங்கள் வாசகர்களுக்கு என்ன சிபாரிசு என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எல்லா ஊரிலும் இதையேதான் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் ஜனங்கள் எதைப் படிக்கிறார்கள், அதைச் சொல்லுங்கள்” என்றார்.

இங்கேதான், கௌரி, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம்.

நோட்டை நான் எரிக்கவில்லை. அடுப்பு வரை கொண்டுபோனது உண்மை. போடுமுன் ஒரு பக்கம் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன், தண்ணீர் ஆறிப்போனது, அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். அம்மையார்குப்பத்தில் நூல் கிடைக்காத வருஷத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாய். தறி நின்றுபோன வீட்டுப் பெண் அலமேலு, கடைசியாக நெய்த நாலு சேலையோடு பட்டணம் போய் விற்றுவரலாம் என்று அரக்கோணம் ஸ்டேஷனுக்கு நடக்கிறாளே, அந்தக் கதை. அதைப் பங்குனியிலிருந்து நாலு இதழாகப் பிரித்து ‘இடி’யில் எழுதிப் போட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் ‘ஒருத்தி’ என்று மட்டும் போட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

நாலு இதழையும் தாயாரம்மாள் கையில் கொடுத்தேன். படித்தார். தங்கை இரண்டு தடவை, “அக்கா, பால் திரிஞ்சுடப் போவுது, ஏறு” என்று கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குடத்தை அவளே வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். கடைசித் தாளையும் புரட்டிவிட்டு, “மேலே?” என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். “அலமேலு சேலையை மடிக்கிற இடத்தில் நானாக இருந்தால் வாசகரை அழ வைத்திருப்பேன். இந்தப் பெண் மடிக்க மட்டும் விட்டிருக்கிறாள். அது எனக்கு வராது. ஆனால் மூன்றாம் பாகத்தில் மாமியார் திடீரென்று நல்லவளாகிவிடுகிறாள், அதை நான் நம்பவில்லை. எழுதினவள் யாருக்கோ பயந்திருக்கிறாள். அதைத் திருத்தச் சொல்லுங்கள். என் சிபாரிசு இதுதான், போட்டுக்கொள்ளுங்கள்.” அபிப்பிராயப் பக்கத்தில் தன் கையாலேயே ஒரு வரி எழுதிவிட்டு மலை ஏறினார்.

நானே கட்டியிருந்தால் மாமியார் குறையைச் சொல்லியிருப்பேனா? தாயாரம்மாள் மூர்ச்சை போட்டு விழுந்தார், தண்ணீர் தெளித்து எழுப்பினேன் என்றல்லவா எழுதியிருப்பேன். அந்த ஒரு வரியையும் நானே எழுதிக்கொண்டேன் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள்.

இனி வேறு ஒரு சமாசாரம். ஒவ்வொரு மாசமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மையார்குப்பம் போய் நெசவுத் தெருவில் உன் கதையை வாசித்தேன். தறி ஓடினால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. நூல் இல்லாமல் பாதித் தறி நின்றுகிடப்பதால் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆனி இதழ் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. கலீமுல்லாகூட சைக்கிள் மணியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, கௌரி. ஒரே ஒரு இடத்தில் சிரித்தார்கள், அலமேலுவின் நாத்தனார் ரேஷன் கடைக்காரனைத் திட்டுகிற இடத்தில். அது சிரிக்க வேண்டிய இடம்தானே?

நேற்று முன்தினம் மறுபடி போனேன். புது இதழில் கதை இல்லை என்றதும் கன்னியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். மூன்று தறி வைத்திருக்கிறவள், வாயும் மூன்று பேருக்குப் போதும். “இன்னா அண்ணே, எங்கள இட்டுகினு போயி டேசன்ல வுட்டுட்டு நீ பாட்டுக்கு வந்துட்டே? மேல சொல்லு” என்றாள். எழுதினவள் நிறுத்திவிட்டாள் என்றேன். ஏன் என்றாள். இதழை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு, “எங்களுக்கு எழுத வராது, உன் மைப்பெட்டிய எடு” என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். வாயால் மலையைப் புரட்டியிருக்கிறேன், பத்திரத்தில் ஒரு பொய் எழுதினதில்லை. அது உனக்குத் தெரியும். ஆகையால் அவர்கள் சொன்னதைப் பத்திரமாகவே எழுதி, அபிப்பிராயப் பக்கத்தில் கைநாட்டு வாங்கியிருக்கிறேன். இதழோடு அனுப்பியிருக்கிறேன், அதன் நகல் இது:

“1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ம் தேதி, சித்தூர் ஜில்லா அம்மையார்குப்பம் நெசவுத் தெருவில் வசிக்கும் கன்னியம்மாள் முதலான பதினாலு பேர், அலமேலு கதையை எழுதிய ஒருத்திக்கு மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்த அபிப்பிராயம் என்னவென்றால்: மேற்படிக் கதையை நாங்கள் நாலு தவணையில் பூராவும் கேட்டோம். அதில் தறிக்குப் பாவு இழுக்கிறதும் நூலுக்குக் கஞ்சி போடுகிறதும் சரியாக இருக்கிறது. மாமியார் விஷயம் சரியில்லை, எங்களில் யாருக்கும் அப்படி மாமியார் வாய்க்கவில்லை. மேற்படி அலமேலு நாலு சேலையோடு அரக்கோணம் பிளாட்பாரத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். மழைக்காலம் வருகிறது. அவளை ரயிலில் ஏற்றிவிட வேண்டும், அல்லது வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். இரண்டில் எது என்றாலும் எங்களுக்குச் சம்மதம். நிற்கவைக்கக் கூடாது. இந்தப்படிக்குக் கன்னியம்மாள் இடதுகைப் பெருவிரல் ரேகை, மற்றப் பதின்மூன்று பேர் ரேகை. சாட்சி கலீமுல்லா. எழுதியது கஜபதி.”

தாயாரம்மாளின் கையெழுத்தை நான் போட்டிருக்கலாம். பதினாலு விரல் ரேகையைக் கட்டிவிட என்னால் ஆகாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார், ஒன்று போல் ஒன்று இருக்காது. நூல் அறுத்து அறுத்துக் கன்னியம்மாளின் விரலில் விழுந்த வடு குறுக்கே கோடாகத் தெரியும்.

உன் நோட்டையும் இதே பார்சலில் வைத்திருக்கிறேன். வேறு நகல் என்னிடம் இல்லை, ‘இடி’ நாலு இதழும் அங்கேதான் வருகின்றன. எரிப்பதானால் இனி நீதான் எரிக்க வேண்டும். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன், கன்னியம்மாளிடம் சொல்வதற்கு மட்டும் ஒரு வரி எழுதிவிடு.

அபிப்பிராயப் பக்கத்தை மாப்பிள்ளைக்குக் காட்டு. அவர் வாசிக்க ஆசைப்பட்டால் வாசிக்கட்டும், ரேகைகளையும் பார்த்துவிட்டு வாசிக்கட்டும். அப்போது காப்பியை அவரே கொண்டுவந்து வைக்கும்படி நான் சொன்னதாகச் சொல். நீ கூடத்தில் உட்கார்ந்து கேள், அம்மா. வாசலில் நிற்காதே.

நோட்டில் கடைசிப் பதினோரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்தேன். மழைக்கு முன்னால் நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் தணிகாசலன் உன் கூடவே வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் மாமன்,
கஜபதி
பத்திரம் எழுதுகிறவன்