என் பேரில் ஒரு பூசை

நவம்பர் 14, வெள்ளி

இன்று எனக்கு எண்பத்தெட்டு முடிந்தது. நன்றிப் பூசைக்குச் சொல்லியிருந்தேன். கோயில் உபதேசியார் மைக்கில் என் பேரைச் சொல்லி, "சவரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று படித்துவிட்டார். நவம்பர் ஆத்துமாக்கள் மாதம்; முழுக்கச் செத்தவர்களுக்கே படித்துப் பழகிய வாய். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து நானும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பாப் படிச்சுப்போட்டனுங்க. உங்களுக்கு ஆயுசு கெட்டிங்க." சிரித்து வைத்தேன்.

மனைவி போனதிலிருந்து, என்னை மட்டும் ஏன் விட்டுவைத்தீர் என்று ஆண்டவரிடம் தினமும் சண்டை போட்டவன் நான். இன்று காதில் விழுந்துவிட்டதோ?

படுக்குமுன் ஜெபமாலை எடுத்தேன். மாதாவிடம், "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று வரும். "இப்பொழுதும்" வரை சொன்னேன். அதற்குமேல் வாய் வரவில்லை.