டிரெட்மில்லில் ஓட வேண்டாம்

மச்சான்,

அஸ்தினாபுரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போறேன், மதியம் வந்துடுவேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கடைக்குப் போறப்ப சாவியைப் பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ அக்காகிட்ட குடுத்துடுங்க.

டாக்டரம்மா எழுதிக் குடுத்த டெஸ்ட்டுக்கு, முட்டி வலியோட டிரெட்மில்ல ஓட மாட்டேன்னு நேத்து கத்தினீங்க. நானும் பதிலுக்குக் கத்திட்டேன். காலையில டாக்டரம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். இப்போதைக்கு ஓடவே வேண்டாமாம். வயசு, உயரம், எடை, இடுப்பளவு, சும்மா இருக்கும்போது நாடித்துடிப்பு, வாரத்துல எவ்வளவு நடக்குறோம், இதை வச்சே உடம்பு எவ்வளவு தாங்கும்னு தோராயமா கணக்குப் போட்டுடலாமாம்.

எல்லாத்தையும் எழுதி வைக்க மேஜைமேல தாளும், இடுப்பை அளக்க என் தையல் டேப்பும் இருக்கு. வயித்தை எக்கிக்கிட்டு அளக்காதீங்க. டீ குடிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்து, அப்புறம் ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணுங்க. தினமும் நடக்குறேன்னு மட்டும் எழுதாதீங்க. பள்ளிவாசலுக்கே பைக்லதான் போறீங்க.

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துல பாதிப் படியில நின்னு போனைப் பார்த்தீங்களே, அதோட திரை இருட்டாத்தான் இருந்துச்சு. மூச்சு வாங்குறதை எனக்குக் காட்டாம நின்னீங்க. டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை நேர்ல வரச் சொன்னாங்க.

ஜஹீரா

பி.கு: எனக்கும் போன்லயே கணக்குப் போட்டாங்க. நாப்பத்தாறு வயசுக்காரிக்கு அறுபது வயசுத் தெம்புதானாம். பயமா இருக்கு மச்சான். நம்ம பொண்ணு ரூக்சாருக்குத் தெரிய வேணாம். சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வாங்க, ரெண்டு பேரும் மெதுவா நடப்போம்.