கொடுத்தவனுக்குப் பிளஸ்

ஜூன் 24, செவ்வாய்

நாளை பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு. நாற்பத்தைந்து வயதில் எழுதுகிறேன். பாஸானால்தான் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் லைன் லீடர் ஆக்குவார்கள்.

சோடியத்துக்குப் பதினொரு எலக்ட்ரான், பிளஸ் போட்ட சோடியம் அயனிக்கு எத்தனை என்று மகள் ஜெனி கேட்டாள். பன்னிரண்டு என்றேன்.

“பத்தும்மா. ஒண்ணைக் குடுத்துட்டாத்தான் பிளஸ்.”

“உங்கப்பா மாதிரி கீதே. ஒரு வெங்காயம் நறுக்கிக் குடுத்துட்டு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவாரு.”

ஜெனி சிரிக்கவில்லை. “மூணாவது வாட்டி தப்பா சொல்றம்மா. நாளைக்குப் பரீட்சை.”

அவள் தூங்கிய பிறகு யோசித்தேன். எங்கள் லைனில் பதினொரு இடம். பக்கத்து லைனுக்கு ஒருத்தியை அனுப்பினால் ஆள் பத்து. காலியான இடம்தான் பிளஸ். இப்போது புரிகிறது, ஆனால் பரீட்சை ஹாலில் பிளஸ்ஸைப் பார்த்ததும் பயத்தில் கை ஒன்றைக் கூட்டிவிடும்.

வெங்காயம் நறுக்கியவர் குறட்டை விடுகிறார். பாடம் மறக்காமல் இருக்க, காலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.