இடது ஸ்பீக்கரில் கேட்ட குரல்

ஹெர்னோசாண்ட்,
அக்டோபர் 19

அன்பு மகள் லினேயாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்கிறோம், பெர்த்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த வருடம் ஆப்பிள் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டது, அம்மா ஜாம் காய்ச்சியே ஓய்ந்துபோனாள். பெரிய சேதி என்னவென்றால், நம் வீட்டு ஸ்டீரியோவை ஒருவழியாகப் புதுப்பித்துவிட்டேன். ஆயிரத்து ஐந்நூறு குரோனருக்கு மேல் தரமாட்டேன் என்று அம்மா கறாராகச் சொன்னதால் பழைய ஆம்ப்ளிஃபயரையே துடைத்து வைத்துக்கொண்டு, ரெக்கார்டு பிளேயருக்குப் புது ஊசி மட்டும் போட்டேன். பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் கிடைத்தது. முன்பக்கத் துணி கிழிந்திருந்தது, அம்மா உன் அறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதே. பழைய ஸ்பீக்கர் இரண்டும் அலமாரி மேல் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எந்தச் சத்தம் எந்தப் பக்கம் என்றே தெரியாது அல்லவா, இப்போது ஒன்று ஜன்னலோரம், இன்னொன்று கதவோரம், அடியில் தோட்டத்துக் கல்.

முதலில் எதைப் போட்டேன் தெரியுமா, எங்கள் பாடகர் குழு 1986-ல் வெளியிட்ட ரெக்கார்டை. மூன்றாவது பாட்டில் எல்லோரும் மூச்சுப் பிடித்து நிற்கும்போது ஒரே ஒரு குரல் மட்டும் முன்னாலேயே பாய்ந்துவிடுமே, அது படகுக்காரன் சிக்ஸ்டன்தான் என்று சொல்லி அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தவனே நான். அந்த வருடமே அவன் குழுவை விட்டு நின்றுவிட்டான். இப்போது அந்தக் குரல் ஜன்னலோரத்து இடது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. சிக்ஸ்டன் எப்போதும் வலது பக்கம் நிற்பவன், அதனால் வயரை மாத்திக் குடுத்துட்டேன்போல என்றேன். அம்மா ரெக்கார்டு அட்டையைத் தூக்கிக் காட்டினாள். படத்தில் பியானோ இடது பக்கம், ஸ்பீக்கரில் பியானோ கேட்பதும் இடது பக்கம், ஆக வயர் சரிதான். பியானோவை ஒட்டி நிற்பது நான், சிக்ஸ்டன் வலது ஓரம். நல்லாக் கேளு ஹோகன், அது உன் தொண்டையேதான், நீயே போய் அவன்கிட்டச் சொல்லு, இல்லேன்னா நான் போன் பண்ணிடுவேன் என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

இரண்டு நாள் தட்டிக்கழித்துவிட்டு மூன்றாம் நாள் போய் அழைத்து வந்தேன். புகை போட்ட மீனோடு வந்தான். நடு நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். மறுபடி போடு என்றான், நான்கு தடவை போடவைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் சிரிப்பு அடங்கி, நானே அது நான்தான்னு நம்பிட்டேன்டா, அதுக்கப்புறம் எங்கயுமே பாடல, என் பொண்ணு கல்யாணத்துலகூட வாய மட்டுந்தான் அசைச்சேன் என்றான். லினேயா, எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மன்னிச்சிடுடா என்றதற்கு, மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும், வியாழக்கிழமை குழுப் பயிற்சில எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்லு, நான் முன் வரிசைல உக்காந்து பாக்கணும் என்றான்.

எழுந்து நின்று சொன்னேன். கிழடுகள் எல்லாம் காலால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள், இனி முந்திரிக்கொட்டை என்ற பெயர் எனக்குத்தானாம். குழுவை நடத்தும் பிர்கிட்டா ஒரு பாட்டுத் தாளைச் சிக்ஸ்டனிடம் நீட்டி, அடிக்குரல் பேஸுக்கு ஆள் பத்தல, எந்திரிங்க என்றாள். என் பக்கத்தில் வந்து நின்றான். பயத்தில் ஒவ்வொரு வரியையும் அரை நொடி தாமதமாகவே தொடங்கினான், நாங்கள் முடித்த பிறகும் அவன் குரல் தனியாக நின்றது. என்ன கனமான, அழகான குரல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிக்கட்டும் என்று நின்றோம்.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, பல் வைத்தியரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. நீ எல்லா நலமும் பெற்றுச் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசையும். அம்மா உனக்கு ஒரு முத்தம் தரச் சொன்னாள்.

என்றும் உன் அன்பு அப்பா,
ஹோகன்