நாவுலயிலிருந்து வந்த வத்தாளை

ஒக்டோபர் 18, திங்கள்

மத்தியானத்துக்கு மேல் மழை. இடி. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் யார் பேசியதும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

வெள்ளைச் சேலை இரண்டும் காயவில்லை. ஈரம் குறைந்ததை உடுத்திக்கொண்டேன்.

நாவுலயிலிருந்து ஒரு மூட்டை வத்தாளைக் கிழங்கு வந்தது. கூடப்பிறந்த நானாவின் கடைக்குச் சாமான் ஏற்றி வரும் லொறியில். மலைத் தோட்டத்தில் இருந்தபோது சக்கரவள்ளி என்போம், மாத்தளை டவுனில் வத்தாளை. மதினி மூட்டையை என் அறை வாசலில் வைத்து அவிழ்த்தாள். குசினியில் வைத்தே அவிழ்த்திருக்கலாம். என் கண்ணில் பட வேண்டுமாம்.

"எவ்வளவு பெரிசு பாருங்க ரஹ்மா. நாவுலயில மண்ணு அப்பிடியாம்."

"ம்."

"கெணறு வத்துறதே இல்லயாம்."

"ம்."

கணவன் மௌத்தாகி இத்தாவில் இருக்கும் பெண்ணிடம், அந்த நாலு மாதம் பத்து நாளும், கலியாணப் பேச்சை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. ஜாடையாகச் சொன்னால் குற்றமில்லை. பள்ளிவாசல் லெப்பை, நானாவுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மதினிக்கு ஜாடை வராது. அவள் ஜாடை காட்டினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். கிழங்கு அனுப்பிய நாவுலக்காரருக்குச் சேனைப் பயிர்நிலம், வயல், நாலு ஆண்பிள்ளைகள். மனைவி மௌத்தாகிவிட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மௌத்தானதற்கு அழுகை இன்னும் வரவில்லை. வரவில்லையே என்ற வெட்கமும் வரவில்லை.

19, செவ்வாய்

அரிசிக் கூப்பனுக்கு இந்தக் கிழமையும் பாதிதான் கிடைத்தது. மண்ணெண்ணெய் இல்லை. மகள் ஸுலைஹாவின் தலை முழுக்கப் பேன், பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது.

வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பேன் பார்க்க முடியாது. தெருவில் ஆண்கள். திரைக்கு உள்ளே இருந்தபடி, அவள் தலையை என் மடியில் வைத்துப் பார்த்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நானாவும் மதினியும் மெல்லப் பேசினார்கள். மெல்லப் பேசுகிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு.

"நாலும் ஆம்புளப் புள்ளகள். மூத்தவனுக்கு மீச வந்திட்டு. அங்க ஒரு பொம்புளப் புள்ளய வெக்கேலா."

"ஸுலைஹா எங்களோட நிக்கட்டும். எனக்கும் கைக்கு ஒதவி."

"ம். இத்தா முடியட்டும். அடுத்த மாசம் நிக்காஹ வெச்சிருவம்."

ஆக, நான் நாவுலைக்கு. அவள் இங்கே. பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தூங்கிவிட்டாள், கேட்கவில்லை. நிறையப் பேன். ஈரும்.

நானாவைக் குறை சொல்லக் கூடாது. அவருக்கு ஐந்து பிள்ளைகள். உலகச் சண்டை வந்ததிலிருந்து கடையில் விற்கச் சாமானும் இல்லை. ஸுலைஹாவின் வாப்பா மௌத்தானதும், துரை பங்களாவில் அவர் இடத்துக்கு வந்த புதுக் குசினிக்காரருக்கு வீடு வேண்டும் என்று எங்களை எழுப்பினார்கள். அன்றைக்கே லொறி பிடித்து இரத்தோட்டைக்கு மேலே வந்து கூட்டிக்கொண்டு போனவர் நானாதான். என் பெட்டியைத் தன் தோளில் சுமந்தார்.

21, வியாழன்

வெயில். சேலை காய்ந்தது.

ஸுலைஹா மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்.

"உம்மா, வாப்பாட கெழங்கு செய்வமா?"

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் தேட வேண்டும். "ம்" என்றேன்.

அவர் பங்களாவில் செய்தது அது. கப்பல் வராமல் உருளைக்கிழங்கு நின்றுபோன நேரம், விருந்துக்கு இறைச்சியோடு வைக்க ஒன்றும் இல்லாமல், தோட்டத்துக் கிழங்கை அவித்து மசித்து, மேலே சீஸைத் துருவிப் போட்டுப் போறணை அடுப்பில் வைத்திருக்கிறார். துரைசாணி இரண்டு தரம் போட்டுத் தின்றாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி என் காதைத் தின்றார். அதன் பிறகு லீவு நாளில் வீட்டிலும் செய்வார். என்னை அடுப்புக்குக் கிட்டே விடமாட்டார். நான் கதவில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன். பார்த்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதப் போனால் பாதி நினைவில்லை.

தெரிந்தது:
- கிழங்கைத் தோலோடு அவிக்க வேண்டும். உரித்து அவித்தால் தண்ணீர் குடிக்கும்.
- மிளகு அதிகம். இனிப்பை அடக்க.
- சாதிக்காய், நகத்தில் எடுக்கும் அளவு.
- பால் கொஞ்சம். வெங்காயம் வதக்கியதா பச்சையா?
- மேல்நெருப்பு எவ்வளவு நேரம்?

சீஸ் தகரப் பேணி ஒன்று என் பெட்டியில் கிடக்கிறது. துரைசாணி அவருக்குக் கொடுத்தது. மூடி ஓரத்தில் துரு.

பேணியைக் கண்டதும் பக்கத்து வீட்டு ஆசியா ராத்தாவுக்குச் சந்தேகம்.

"வெள்ளக்காரன் பால எதப் போட்டு ஒறைய வெக்கிறானோ. பண்டிக் கொழுப்பாயிருந்தா?"

"வாப்பா தின்ன தானே" என்றாள் ஸுலைஹா.

மதினி பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாட்டுப் படம் ஈக்கி."

"மாடு எண்டா சரி" என்றார் ஆசியா ராத்தா. இவ்வளவுதான் மார்க்கத் தீர்ப்பு.

22, வெள்ளி

ஜும்ஆவுக்கு ஆண்கள் போனதும் குசினிக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் நின்று நாளாகிவிட்டது. புகையில் கண்ணில் தண்ணீர். ஆசியா ராத்தா அதைப் பார்த்து, "அழுங்க மகள், அழுதா பாரம் கொறயும்" என்றார். புகை என்று சொல்லவில்லை. அவருக்கு அது திருப்தியாக இருந்தது.

பெரிய கிழங்காக ஐந்து அவித்தேன். உரிக்கும்போது சூடு கையில் ஏறியது, கீழே போடத் தோன்றவில்லை. பட்டர் கிடையாது, தேங்காய்ப்பாலைத் திக்காகப் பிழிந்து விட்டேன். வெங்காயத்தை வதக்கினேன். மிளகு இடித்துப் போட்டேன், நிறைய. சீஸ் சவர்க்காரம் போல வழுக்கியது. துருவ வரவில்லை, கத்தியால் சீவிப் போட்டேன்.

வீட்டில் போறணை இல்லை. அவர் செய்தது போல, சட்டியைத் தணல்மேல் வைத்து, தகர மூடியால் மூடி, மூடிமேல் சிரட்டைக் கரி. ஒரு பக்கம் நெருப்புக் கூடிப்போய்விட்டது. திறந்தால் பாதி கருகல், பாதி நிறம் ஏறாமல் வெள்ளையாய். அவர் நடுவில் மூடியைத் திருப்புவார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வாசம் மட்டும் அதே வாசம். குசினி முழுக்க. நான் அதில் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

நானா ஜும்ஆ முடிந்து ஆளோடு வந்தார். முன்னறையில் கதிரை இழுபடும் சத்தம், இருமல், சலாம். நாவுலக்காரர். வெள்ளிக்கு வெள்ளி மாத்தளைக்கு வருகிறவர்தான். இந்த வீட்டுக்கு வருவது முதல் தரம்.

மதினி சட்டியை எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் வந்தீக்கி. முன்னறைக்கும் கொஞ்சம் அனுப்பட்டா?"

"ம்" என்றேன். ஸுலைஹாவுக்குக் கருகாத பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஸுலைஹா வாயில் வைத்து, யோசித்துப் பார்த்துச் சொன்னாள். "வாப்பாட மாதிரி இல்ல." பிறகு முழுவதையும் தின்றாள். கருகலையும் சுரண்டிக் கேட்டாள்.

நானும் தின்றேன். மிளகு நாக்கைச் சுட்டது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

24, ஞாயிறு

தூறல். தலைவலி. பேன் மருந்துக்கு வேப்பெண்ணெய் கேட்க வேண்டும்.

மதினி சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் எனக்குத் தேத்தண்ணி, சீனி போட்டு. சீனிக்கு என்ன விலை என்று தெரிந்தவள் அவள். விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

"அவருக்கு நல்ல சந்தோஷமாம். கோப்பைய வழிச்சித் தின்னாராம். கையோட ஜவாப் வந்திட்டு எண்டு நானாக்கிட்ட சொன்னாராம்."

"என்ன ஜவாப்?"

"என்ன ரஹ்மா, தெரியாத மாதிரி. அவர் கெழங்கு அனுப்பின. நீங்க அதயே ஆக்கி அனுப்பின. சம்மதத்த வேற எப்பிடிச் சொல்ற?"

தேத்தண்ணியைக் குடித்தேன். நல்ல சாயம். பிறகு அவள் நாவுல வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஓட்டு வீடு. முன்னால் மாதுளை. ஸுலைஹாவைப் பற்றியும் சொன்னாள், இப்போது ஜாடை இல்லாமல்: இங்கேயே நிற்கட்டும், பள்ளிக்கூடத்தை நிறுத்தினாலும் குசினி வேலை படித்துக்கொள்வாள், பெருநாளுக்குப் பெருநாள் நீங்கள் வந்து பார்க்கலாம்.

பெருநாளுக்குப் பெருநாள்.

கோப்பையைக் கழுவி வைத்தேன். இரண்டாம் தரமும் கழுவினேன். ஏன் கழுவுகிறேன் என்று தெரியவில்லை. கோபம். அது கோபம்தான் என்று அஸர் தொழுகைக்குப் பிறகுதான் தெரிந்தது.

26, செவ்வாய்

நானாவிடம் பேசினேன். அவர் வாசல் நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை.

"நான் அனுப்பல்ல நானா. மதினி கேட்டாங்க. நான் ம் எண்டன்."

"அதத்தானே நானும் சொல்ற."

"அது அவருக்கெண்டு ஆக்கினதில்ல. புள்ள கேட்டிச்சி."

"ஆருக்கெண்டு ஆக்கினாலும் ஒன்ட கையால ஆக்கினது. ஒரு மனிசன் தின்னிட்டுப் போயிட்டார். இனி என்னெண்டு போய்ச் சொல்ற? அது பிழையாப் போன கோப்ப எண்டா?"

நானா வாசல் நிலையை நகத்தால் சுரண்டினார். "எனக்கு மட்டும் ஆசையா தங்கச்சி? எத்தின நாளைக்கு ஒன்ன நான் வெச்சிப் பாக்க ஏலும்?"

அவர் சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி. அவர் போனபிறகும் அறையில் அவர் சட்டை வாசம், கருவாடும் மண்ணெண்ணெயும்.

மூட்டையில் இன்னும் கிழங்கு இருக்கிறது. மதினி கறி வைத்தாள், அவித்துத் தேங்காய்ப்பூவோடு தந்தாள், ரொட்டி மாவில் பிசைந்தாள். எல்லோரும் தின்கிறார்கள். ஸுலைஹாவும். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

27, புதன்

வேப்பெண்ணெய் கிடைத்தது. ஸுலைஹா கத்தினாள்.

தேய்க்கும்போது அவள் பின்கழுத்தைப் பார்த்தேன். அவள் வாப்பாவின் கழுத்து. அதே இடத்தில் மச்சம். இதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் கை நின்றுவிட்டது. "என்ன உம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

இவளை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. எழுதிப் பார்க்கிறேன். முடியாது.

28, வியாழன்

ஒன்றும் இல்லை. மழை.

29, வெள்ளி

எழுத்து கோணல்.

ஜும்ஆ முடிந்து நாவுலக்காரர் வந்தார், இன்னொரு மூட்டையோடு. அதைக் கீழே போட்ட சத்தம் என் அறை வரை கேட்டது. ஸுலைஹா பின்னால் கிணற்றடியில், மதினியின் பிள்ளைகளோடு. நான் திரைக்குப் பின்னால்.

நானா நாள் பேசத் தொடங்கினார். இத்தா முடிகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா. அந்நிய ஆணின் காதில் என் குரல் விழக் கூடாது. தெரியும். இத்தாவில் அது எவ்வளவு பெரிய பேச்சு என்றும் தெரியும். திரையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ரஹ்மா கதைக்கிற."

குசினியில் மதினியின் கையிலிருந்து ஏதோ விழுந்தது.

"போன வெள்ளி ஒங்களுக்கு வந்த கெழங்கு ஜவாப் இல்ல. அது என்ட புள்ளைக்கு ஆக்கினது. ஜவாப் இப்ப சொல்றன். புள்ள நிக்கிற எடத்துல தான் நான் நிப்பன். அவள உட்டுட்டு நான் ஒரு எடத்துக்கும் வரமாட்டன்."

"ரஹ்மா!" என்று நானா கத்தினார்.

நாவுலக்காரர் இருமினார். வயதான குரல், நான் நினைத்ததை விட மெதுவான குரல்.

"என்ன நானா இது. இவங்களுக்குப் புள்ள ஈக்கி எண்டு நீங்க எனக்கிட்ட சொல்லல்லயே."

நானாவின் கதிரை கிரீச்சிட்டது. நாவுலக்காரர் பிறகு என் பக்கமாகத்தான் சொன்னார் போல இருந்தது, குரல் திரும்பியது. "உம்மாவயும் புள்ளயயும் பிரிக்கச் சொல்லி நான் கேக்கல்ல. அது எனக்கு வாணாம்." சலாம் சொன்னார். செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

திரையோடு சேர்ந்து கீழே உட்கார்ந்துவிட்டேன். கம்பி கழன்றது. அழுதேன். ஸுலைஹாவின் வாப்பாவுக்காகவா, நானாவுக்காகவா, எனக்காகவா, தெரியாது. புகை இல்லை.

30, சனி

நானா என் பக்கம் பார்க்காமல் கடைக்குப் போனார். மதினி தேத்தண்ணியை வாசலில் வைத்தாள், சீனி இல்லை. "ஊரே சிரிக்கும்" என்றாள். சிரிக்கட்டும். இனி எங்கே போவது, என்ன செய்து தின்பது, ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

திரைக் கம்பியைக் கட்ட வேண்டும். கயிறு தேட வேண்டும்.

ஸுலைஹாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள்.

"உம்மா, நேத்து முன்னறையில ஆள் ஈக்கக்குள்ள நீங்க சத்தமாக் கதச்சீங்களாம். மாமி சொல்றாங்க. நீங்களா?"

"ஓம்."

அவள் நம்பவில்லை. தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்தாள்.

"நீங்க தானா?"

"நான் தான்."