சிவப்பு லைட்டும் வட்டைக் களிமண்ணும்

ஏறாவூர்,
புதன்கிழமை, அசர் தொழுகைக்குப் பின்.

என் அன்பு மனைவி றஸீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகள் ஸில்மியாவும் உன் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்காத தொழுகை இல்லை. கடிதத்தைக் கண்டதும் பதறாதே, வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஸுஹைனாவின் மாப்பிள்ளை பாஹிம் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் கொஞ்சம் தொதலும் இறால் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை உன் முதலாளியம்மா, அந்த மடத்தின் வீட்டுக்குள் பொரித்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. கெடுத்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் என்னத்துக்கு என்று நினைப்பாய். போன் வந்தால் ஸில்மியா அதை லவுட்ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். உன் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று செருமுகிறார். புருஷனும் பெண்சாதியும் மனம்விட்டுப் பேச முடிகிறதா? அதோடு, தோள் இறுகி நான் வலை வீச முடியாமல் கிடப்பதைப் பார்க்கப் போன மாதம் வீடியோவில் வந்து, "கையத் தூக்கிக் காட்டுங்க பாப்பம்" என்றாய். தூக்கினேன். கை மேலே போனதைவிட என் முகம் கோணிப் போனதைத்தான் நீ பார்த்தாய். "தோள் சுகமாகாட்டி நான் வரல்ல. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிருவன், மடமும் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே என் தோளின் கதையை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். முழுதாக வாசித்துவிட்டு முடிவு எடு.

தோளுக்குச் சூடு காட்டவென்று நீ கார்கோவில் அனுப்பிய லைட் வந்த அன்று வீட்டில் பெரிய கூத்து. நான் தோணியில் இருந்தேன். ஸில்மியா பெட்டியைப் பிரித்திருக்கிறாள். சிவப்பு பல்ப்பைப் பார்த்ததும் உன் உம்மா, இது கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுகிற லைட் என்று முடிவு கட்டிவிட்டார். கோழிப்பண்ணைகளில் அப்படித்தானே தொங்கவிடுகிறார்கள். நான் வந்து பார்க்கிறேன், என் தோளுக்கு வந்த லைட்டின் கீழே குஞ்சுகள் வட்டமாகப் படுத்துக் கண்ணை மூடிச் சுகம் காண்கின்றன. அவற்றை எழுப்பி லைட்டை வாங்குவதற்கு எனக்கே மனம் வரவில்லை.

பிறகு நானும் தோளைக் காட்டினேன். சூடு நன்றாகத்தான் இருந்தது. லைட்டை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் தோள் பழையபடி இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி காட்டுகிற பிசியோ மிஸ்ஸிடம் சொன்னேன். ஈரக் களிமண் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துணியில் பரப்பி வைத்து மேலே லைட்டைக் காட்டலாம், ஆனால் லைட் ஒரு கை தூரம் தள்ளி இருக்க வேண்டும், தூங்கிவிடக் கூடாது, தோள் இளகியதும் கையை அசைக்காவிட்டால் எல்லாம் வீண் என்றார்.

மண் என்றதும் இந்த மூளைக்கு வாவிதான் தெரியும். பிறந்ததிலிருந்து வாவியில் கிடக்கிறவன் மண்ணுக்கு வேறு எங்கே போவேன்? கண்டல் வேருக்குக் கீழே கறுப்பாக, வெண்ணெய் மாதிரி இருந்த சேற்றை ஒரு வாளி அள்ளி வந்து அப்பிக்கொண்டு லைட்டைப் போட்டேன். சேறு சூடாகச் சூடாக எழும்பிய நாற்றத்தில் கோழிகள்கூட வளவை விட்டு ஓடிவிட்டன. போதாததற்கு உப்புப் பட்டுத் தோல் அரிக்கத் தொடங்கியது, சிப்பித் தூள் கீறிவிட்டது. உன் உம்மா உள்ளே இருந்து, "வாப்பாவ ஆத்துல போய்க் குளிச்சிட்டு வரச் சொல்லு" என்றார். ஸில்மியா அப்போது வீட்டில் இல்லை. பூனையிடம்தான் சொல்லியிருக்கிறார்.

உனக்குத் தெரியாததா? நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து மாமி என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் முன்னால் வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். மருமகனுக்கு மரியாதையாம். எனக்குச் சொல்ல வேண்டியதை முதலில் உன்னிடம் சொன்னார், நீ போனபின் ஸில்மியாவிடம் சொன்னார், அவளும் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்கிறார். பூனையும் பாவம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நல்ல மண்ணைத் தந்தது தங்கராசாதான். வயல் வேலை இல்லாத காலத்தில் என்னோடு தோணியில் வருவானே, செங்கலடிக் கூட்டாளி, அவனே. என் சேற்று வைத்தியத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்துவிட்டு, "மச்சான், உனக்கு மீன் மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லி, தன் வயல் வட்டையில் வாய்க்கால் வெட்டிய இடத்திலிருந்து ஒரு உரப்பை நிறையக் களிமண் கொண்டுவந்து இறக்கினான். அதைக் காயவைத்து, இடித்து, அரித்து, சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தோம். ரொட்டி மாவுப் பதம். உடுத்துப் பழசான சாரத் துணி ஒன்றில் பரப்பித் தோளில் போட்டு லைட்டைக் காட்டியதும், றஸீனா, என்னவென்று சொல்வது, யாரோ தோளைப் பிடித்து, இனிச் சும்மா இரு என்று சொன்ன மாதிரி இருந்தது.

ஒரு தொல்லை. லைட் சூட்டில் மண் சுறுக்காகக் காய்ந்துவிடும். காய்ந்தால் வெடித்து மயிரைப் பிடித்து இழுக்கும். ஓரத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலி முழுவதும் தோளின் பின்பக்கம், என் கை அங்கே போகாது. ஸில்மியா பின்னேரங்களில் வந்து வைத்துவிட்டாள். பிறகு அவளுக்கு ஓஎல் சோதனை வகுப்புகள் தொடங்கிவிட்டன. நான் தனியே முயற்சித்தேன். முதுகில் விழ வேண்டிய மண் சுவரில் விழுந்தது, லைட்டில் விழுந்தது. ஒருநாள் துணியோடு மொத்தமும் தரையில். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். நீ வரமாட்டாய் என்பதுதான் நினைவில் ஓடியது. அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் காலடிச் சத்தம். யாரோ தரையிலிருந்து மண்ணை வழித்து எடுப்பது கேட்டது. பிறகு என் தோளில் துணி விரிந்தது, மண் இறங்கியது, ஒரு கை அதை அழுத்திச் சமப்படுத்தியது. மாமி! அவர் என்னிடம் பேசவில்லை, சுவரிடம்தான் பேசினார். "மருமகன் திரும்பிப் பாக்காம இரிக்கட்டும். இந்தக் கை சுகமானாத்தானே எண்ட புள்ள ஊருக்கு வருவாள்" என்றார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் கண்ணைப் பார்த்திருப்பார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அதுதான் நடக்கிறது. நான் சுவரைப் பார்த்து உட்காருவேன், அவர் மண் வைத்துத் தண்ணீர் தெளிப்பார். மண்ணை எடுத்ததும், மிஸ் காட்டிய பயிற்சிப்படி, நண்டு ஏறுகிற மாதிரி விரல்களால் சுவரில் ஏறி இறங்குவேன். சோம்பல்பட்டுப் பாதியில் நிறுத்தினால் பின்னாலிருந்து ஒரு செருமல் வரும். பிசியோ மிஸ்ஸைவிட இந்தச் செருமலுக்குத்தான் எனக்குப் பயம்.

போன சனிக்கிழமை வீச்சு வலையை எடுத்துக்கொண்டு தங்கராசாவோடு வாவிக்குப் போனேன். முதல் வீச்சு, முறுக்கிப் பிழிந்த துவாய் மாதிரி விழுந்தது. தங்கராசா வேறெங்கோ பார்ப்பதுபோல இருந்தான். இரண்டாவது வீச்சில் பிஸ்மி சொல்லி, தோளை இளக்கி, இடுப்பைத் திருப்பி விட்டேன். வலை வட்டமாக விரிந்தது, றஸீனா. முழு வட்டம். "வல விரிஞ்சிட்டு மச்சான்!" என்று அவன் போட்ட சத்தத்தில் இருந்த மீனெல்லாம் ஓடியிருக்கும். அப்படியும் மணலை மீன் கொஞ்சம் கிடைத்தது. மாமி ஆணம் வைத்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

முற்றாகச் சுகம் என்று பொய் சொல்லமாட்டேன். முதுகைச் சொறிய இன்னும் கை எட்டாது. மழைக் குளிருக்குக் குத்தும். ஆனால் தொழுகையில் இரண்டு கையும் காது வரைக்கும் போகின்றன, வலை விரிகிறது. இந்தக் குடும்பத்துக்கு அது போதும்.

இனி இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். லைட் வந்த நாளிலிருந்து நீ போனில், இது முழங்காலுக்கும் சரிவருமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உன் உம்மாவுக்காகக் கேட்கிறாய் என்று நினைத்தேன். நேற்றுத் தேத்தண்ணீர் குடிக்கும்போது, மாமியின் முழங்காலுக்கும் மண் வைக்கலாமே என்று ஸில்மியாவிடம் சொன்னேன். மாமி குசினியிலிருந்து வெளியே வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. பூனையைப் பார்க்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, "எண்ட முழங்காலுக்கு ஒண்டுமில்ல மருமகன். அவள் தண்ட முழங்காலுக்குத்தான் கேக்காள்" என்றார்.

நான் தேத்தண்ணீரை வைத்துவிட்டேன். நாலு மாடி ஏறி இறங்குகிற வீடு என்று நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இங்கே நான் கோழிக்குஞ்சு மாதிரி லைட்டின் கீழே சுகம் கண்டுகொண்டிருக்க, அதை வாங்கி அனுப்பியவள் அங்கே காலை இழுத்துக்கொண்டு படி ஏறுகிறாள். என் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாயே, உன் காலை ஒருநாளாவது காட்டினாயா?

மாமி நேற்றே புதுமண் குழைத்துவிட்டார். ஒரு சட்டி நிறைய, உன் முழங்காலுக்கென்று. ஈரச் சாக்குப் போட்டு மூடி, உன் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். இன்று சுபஹுக்கு எழுந்ததும் முதல் வேலையாக அதில் தண்ணீர் தெளித்தார். நீ வந்து சேரும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் தெளிப்பாராம். உன்னிடம் சொல்லச் சொன்னார்.

அல்லாஹ் உன் காலுக்கு வலுவையும் வழிக்குப் பாதுகாப்பையும் தரட்டும். கையெழுத்து வைக்காதே, புள்ள. மண் காயாமல் இருக்கிறது, நீ வா.

உன்னுடைய
உசனார்