கட்டும் மரமும் இல்லாத படகு

அன்புள்ள ஜெனிஷாவுக்கு,

மாதா துணையால் நலமாக இருக்கிறேன். உன் மூட்டுவலியும் மாமாவின் இருமலும் குறைந்தனவா? ஊருக்கு வரும் சேவியரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே சித்தியவான் படகுப் பட்டறையில் ஒரு வேடிக்கை. சுற்றுலாக்காரர்களை ஏற்றும் இரட்டைப் படகு ஒன்றைக் கரையேற்றினோம். ஏறியதுமே என் கை பழக்கத்தில் கயிற்று முடிச்சைத் தேடியது. மண்டோர் யுகேந்திரன் (மலேசியாவில் மேஸ்திரியை அப்படித்தான் சொல்கிறார்கள்) சிரித்துவிட்டார்.

"என்ன தேடுற தம்பி? இது கட்டமரான் லா!"

"அது எங்க ஊருப் பேருண்ணே. மரங்களைச் சேத்துக் கட்டுனா கட்டுமரம். கரைக்கு வந்ததும் அவுத்துக் காயப்போடணும், இல்லன்னா தண்ணி குடிச்சுக் கனத்துரும். இதுல கட்டும் இல்ல, மரமும் இல்ல, வெறும் ஃபைபர்."

"பேரும் உன்ன மாதிரியே கடல் தாண்டி வந்துருச்சு போல," என்றார்.

அன்றிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சேவியர் திரும்பும்போது கருப்பட்டியோடு கொஞ்சம் கயிறும் கொடுத்தனுப்பு. எதற்கென்று கேட்காதே.

நம் கட்டுமரத்தை விற்கலாமா என்று உன் அண்ணன் கேட்டானாமே. விற்காதே. அவிழ்த்து, தனித்தனியாக மணலில் காயப்போடச் சொல். சேவியர் வேனில் ஏறிவிட்டார், கூப்பிடுகிறார். அண்ணன் எவ்வளவு கேட்டாலும் திரும்பக் கட்ட விடாதே. கட்ட நான் வருகிறேன்.

உன்
ரெக்சின்